மூன்றாவது எட்டு

என் மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் போனாலும் செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையை இடப்பக்கம் சாய்ப்பார். இரண்டே விநாடி. பிறகு அந்த வண்டிக்கு என்ன நோய் என்பதை அறையில் இருக்கும் எல்லோருக்கும் அறிவிப்பார். "டேப்பெட் லூஸு." "இவன் வாங்கின நாள்லேருந்து ஆயிலே மாத்தல." "கிளட்ச் தேஞ்சாச்சு. இன்னும் ஒரு வாரம், அவ்வளவுதான்." யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வண்டிக்காரர் பாவம், தன் ஆயுள் ஒரு வாரம்தான் என்பது தெரியாமல் தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். பதினோரு வருடமாக இந்தத் தலைசாய்ப்பைப் பார்த்துவருகிறேன். அது முதல் நாளே தொடங்கியதற்குச் சாட்சியமும் இருக்கிறது. அக்கா கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் பாதிப் படங்களில் மாப்பிள்ளை கேமராவைப் பார்க்காமல் இடப்பக்கம் எதையோ கவனித்துக்கொண்டிருப்பார். அக்கா வலப்பக்கம் பார்த்தபடி முறைத்துக்கொண்டிருப்பாள். மண்டப வாசலில் விருந்தாளிகள் ஒவ்வொருவராக வண்டியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்களாம்.

"மத்த கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணைத் திருட்டுத்தனமா பாப்பான். என் கல்யாணத்துல இவரு பார்க்கிங்க பாத்தாரு" என்பாள் அக்கா.

"அப்ப நீ சத்தம் போடலையே. வண்டிங்கதான் போட்டுச்சு" என்பார் மாமா.

"அன்னைக்கு விட்டதை இன்னைக்கு வரைக்கும் போட்டுட்டுதான இருக்கேன். அது மட்டும் காதுல விழுதா?"

விழாது. அக்கா பேசுவது, குக்கர் விசில், குழந்தை அழுவது, இவை எல்லாம் மாமாவின் காதில் விழுவதில்லை. அந்தக் காது ஒரே ஒரு விஷயத்துக்காகச் செய்யப்பட்டது.

அவருடைய ஷெட் எங்கள் தெருவின் கடைசியில் இருந்தது. தகரக் கூரை. இரண்டு வண்டி நிற்கும் இடத்தில் ஏழு வண்டி நிற்கும். சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் வடிவத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஆணி அடித்து இடம் ஒதுக்கியிருந்தார். அந்தக் கோடுகளுக்குள் ஸ்பேனர் தொங்கி நான் பார்த்ததில்லை. எந்த ஸ்பேனர் எந்த வண்டியின் அடியில் கிடக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவர் கையை நீட்டினால் அது தானாக வந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொள்வது போல இருக்கும். தெருவில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். மரியாதையாகச் சொன்னவர்கள் பாதி, காத்திருக்க வைப்பதால் சொன்னவர்கள் மீதி.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். இதை நான் அடிக்கடி சொல்வதில்லை, அக்கா சொல்லிவிடுவாள். அந்தத் தகர ஷெட் ஓடியதால்தான் என் படிப்பும் ஓடியது என்பதையும் அவளே கையோடு சொல்லிவிடுவாள். நான்கு வருடம் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பற்றிப் படித்தேன். உறிஞ்சுதல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண் வாங்கினேன். அதன் பிறகு என் வாழ்க்கையும் அதே வரிசையில்தான் போகிறது. வெடிப்பு மட்டும் இன்னும் நடக்கவில்லை. அழுத்தத்திலிருந்து நேராக வெளியேற்றம். நேர்முகத் தேர்வு முடிந்து வெளியே வரும்போதெல்லாம் அந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றத் தெரியுமா என்று கேட்டால், அது எந்த வெப்பநிலையில் வேலை செய்கிறது என்பதைச் சொல்வேன். மாமா இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வார். வாடிக்கையாளர் யாராவது வாய்ச்சண்டைக்கு வந்தால், "இருங்க, நம்ம இன்ஜினியரைக் கேப்போம். மாப்ள, ஏன் வண்டி ஸ்டார்ட் ஆகல?" என்பார். நான் எரிபொருளும் காற்றும் கலக்கும் விகிதத்தைப் பற்றி ஆரம்பிப்பேன். மாமா அதற்குள் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே காட்டுவார். காலியாக இருக்கும்.

இன்னொரு தகுதியும் எனக்கு இருந்தது. டிரைவிங் லைசென்ஸ். வண்டி ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது ஓட்டுநர் பள்ளிக்காரர் ஒருவர் மூலம் எடுத்தது. எட்டுப் போடுகிற அன்று அவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார், குழந்தைக்கு நடை பழக்குவது போல. பார்க்க வேண்டியவர் அந்த நேரத்தில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை வந்துவிட்டது. அதன் பிறகு நான் ஓட்டியதில்லை. எல்லா ஊர்வலமும் மாமாவின் பின்சீட்டில்தான். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஓட்டுகிறவனின் உண்மை தெரியும். பிரேக்கை அவர் பிடிக்கிறார் என்பதே உடம்புக்குத் தெரியாது. வேகம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். பள்ளம் வருவதற்குள் அவருடைய தோள் லேசாகத் தளரும். அதைப் பார்த்து நானும் தளர்ந்துகொள்வேன். நான்கு வருடத்தில் எந்தப் பேராசிரியரையும் இவ்வளவு நம்பிக்கையோடு பின்தொடர்ந்ததில்லை.

மாமாவுக்கோ லைசென்ஸே கிடையாது. பதினெட்டு வருடமாக ஊரில் உள்ள வண்டிகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தவருக்கு, ஓட்டலாம் என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கேட்டால், "டாக்டர் ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்குச் சீட்டு வாங்குவாரா?" என்பார். போலீஸ்காரர்கள் யாரும் அவரை நிறுத்தியதில்லை. அவர்கள் வண்டியும் ஷெட்டில்தான் நின்றது.

இப்படியே போயிருக்கும். ஷெட் இருந்த இடத்தின் சொந்தக்காரர் அங்கே மூன்று மாடி கட்டப்போவதாக வந்து சொன்னார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வேறு இடம் பார்த்த வகையில் எதுவும் தேறவில்லை. அக்கா மருந்து பேக்கிங் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் ஒருத்தியின் சம்பளத்தில் அவள், மாமா, குழந்தை, பட்டதாரி ஆகிய நான்கு பேர் சாப்பிட வேண்டும். அந்தப் பட்டதாரி நன்றாகச் சாப்பிடக்கூடியவன்.

கடவுள் புண்ணியத்தில் பெரிய ஷோரூம் ஒன்றில் ஆள் எடுத்தார்கள். சர்வீஸ் முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுகிற வேலை. மாமாவுக்காகவே கண்டுபிடித்தது போல ஒரு வேலை. மானேஜர் மாமாவின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார்.

"ஒண்ணாம் தேதி சேந்துக்கங்க. லைசென்ஸ் காப்பி ஒண்ணு மட்டும் குடுத்துடுங்க."

"அது எதுக்கு சார்?"

"கஸ்டமர் வண்டியை ரோட்டுல ஓட்டணும்ல. இன்சூரன்ஸ் விதி."

"பதினெட்டு வருஷமா ரோட்டுலதான் சார் ஓட்டறேன்."

"அதை மட்டும் எங்கயும் எழுதிக் குடுத்துடாதீங்க" என்றார் மானேஜர். "ஒண்ணாம் தேதி லைசென்ஸ் இல்லன்னா அடுத்த ஆள் இருக்காரு. தப்பா எடுத்துக்காதீங்க."

அக்காவின் நச்சரிப்பால் மூன்று மாதத்துக்கு முன்பு எடுத்த எல்.எல்.ஆர். மட்டும் மாமாவிடம் இருந்தது. என் ஓட்டுநர் பள்ளிக்காரரிடம் போகலாம் என்றேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு எட்டுப் போட சீட்டைப் பிடிக்க ஆளு வேணுமா?" ஒழுக்கத்தால் வந்த கோபம் இல்லை அது. வெறும் திமிர். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுக்கம் மாதிரியே இருந்தது. அதனால் நான் கொஞ்சம் வெட்கப்பட்டும் வைத்தேன்.

வாகன அலுவலகத்தின் பின்புறம் சிமென்ட் தரையில் வெள்ளைக் கோட்டில் பெரிய எட்டு ஒன்று வரைந்திருப்பார்கள். கோட்டைத் தாண்டக் கூடாது. காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் புதிதாக விண்ணப்பித்து இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும். மாமாவிடம் அந்த இன்னொரு மாதம் இல்லை. எனவே அந்த மாதத்தின் மூன்று வெள்ளிக்கிழமைகள்தான் எங்கள் குடும்பத்தின் எதிர்காலம்.

முதல் வெள்ளி. ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் போனோம். மாமா அலட்சியமாக ஏறினார். முதல் வளைவை எண்ணெய் வழுக்குவது போலச் சுற்றினார். இரண்டாவது வளைவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடக்கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தார். குனிந்து எஞ்சின் பக்கத்தில் இருந்த சின்னத் திருகாணியைத் திருகினார். கேட்டுத் திருப்தி அடைந்து நிமிர்ந்தபோது எட்டு முடிந்திருந்தது.

மர நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யோவ், என்ன பண்ணின?"

"ஐடிலிங் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு சார். குறைச்சேன்."

"ஒத்தக் கையில ஓட்டறதுக்கு இங்க எதுக்கு வந்த? சர்க்கஸுக்குப் போயிருக்கலாமே? ஃபெயில். அடுத்தது!"

திரும்பி வரும்போது மாமா முழு வழியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "இப்ப பாரு மாப்ள, வண்டி எவ்வளவு மெதுவா மூச்சு விடுது." அது நிம்மதியாக மூச்சு விட்டது. நாங்கள்தான் விடவில்லை.

இரண்டாவது வெள்ளி. கையை எடுக்கவே கூடாது என்று அக்கா காலையிலேயே குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். கையை எடுக்கவில்லை. ஆனால் எட்டின் நடுப்பகுதியில் இருந்தபோது கேட்டைத் தாண்டி ஒரு வண்டி உள்ளே வந்தது. மாமாவின் தலை இடப்பக்கம் சாய்ந்தது. தலை போன பக்கம் தோளும், தோள் போன பக்கம் வண்டியும் போயிற்று. முன்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். தலை சாய்த்தபடியே இறங்கி, "செயின் காஞ்சு கிடக்கு" என்று இன்ஸ்பெக்டரிடம் தகவல் தெரிவித்தார். வந்தது இன்ஸ்பெக்டரின் மேலதிகாரியாம்.

வீட்டில் அக்கா சத்தம் போடவில்லை. தட்டை வைத்தாள். மாமா சாப்பிட்டார். வெளியே ஒரு வண்டி போயிற்று. மாமாவின் தலை சாயப்போய், அக்காவைப் பார்த்து, பாதியில் நின்றது.

"ஏங்க," என்றாள் அக்கா, மிகவும் மெதுவாக. "ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் உங்களால செவிடா இருக்க முடியாதா? நான் பேசறப்ப மட்டும் இருக்கீங்களே."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான்கு வருடப் படிப்பின் முதல் நடைமுறைப் பயன். பிரச்சினை ஓட்டுவதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது. சத்தத்தைத் தடுத்தால் கவனம் சிதறாது. பஞ்சு. இரண்டு காதிலும். அதன் மேல் ஹெல்மெட். நான் ஒரு தாளில் காதைப் படம் வரைந்து அம்புக்குறியெல்லாம் போட்டுக் காட்டினேன். அக்கா என்னை முதல் முறையாக ஒரு இன்ஜினியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது வெள்ளி. அக்காவே பஞ்சை உருட்டி மாமாவின் காதில் வைத்து, விரலால் அழுத்தி, "கேக்குதா?" என்று கேட்டாள். "என்னது?" என்றார் மாமா. மூவரும் திருப்தியடைந்தோம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். என் வயது இருக்கும். நீல ஹெல்மெட்டைக் கையில் வைத்து அதன் பட்டையை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பழைய சின்ன வண்டி. மாமா அதைச் சுற்றி ஒரு வலம் வந்தார். அவரால் வராமல் இருக்க முடியாது.

"இந்த வண்டிய யாரும்மா பாத்துக்கறது?" காதில் பஞ்சு இருந்ததால் ஊருக்கே கேட்கும்படி கேட்டார்.

"எங்கப்பா, அண்ணே."

"செயின் கவர்ல ரெண்டு ஸ்க்ரூ இல்ல."

"அது இல்லாமலும் ஓடுதுன்னு சொல்லுவாரு."

"என்னது?"

"இல்லாமலும் ஓடுதாம்!" என்று கத்தியவள், என்னிடம் திரும்பி, "காதுல என்ன, சளியா?" என்றாள்.

"இல்ல, எஞ்சினியரிங்" என்றேன். சிரித்தாள். பதற்றத்தில் இருப்பவர்கள் எதற்கும் சிரிப்பார்கள்.

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். திங்கட்கிழமை லைசென்ஸோடு வந்தால் வேலை. அவளுக்கும் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் பயத்தில் காலை ஊன்றிவிட்டாளாம். "இந்த வாரம் முழுக்க அப்பாவை ஒரு வழி பண்ணிட்டேன். தினமும் காலைல சுண்ணாம்பை எடுத்துக் கோலம் மாதிரி கோடு போட்டு, சுத்தறதுதான் வேலை. தெருவே சிரிச்சுது" என்றாள். பிறகு அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

நன்றாகப் போட்டாள். இதைச் சொல்லியாக வேண்டும். முதல் வளைவில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் அதை மறந்துவிட்டாள். கோட்டுக்கு நடுவில், அவசரமில்லாமல் போனாள். சுவரோரமாக இருந்த கடைசி வளைவு மட்டும் பாக்கி. அவளைப் பார்த்து நானே மூச்சைப் பிடித்திருந்தேன்.

அந்த விநாடியில் மாமா ஓடினார்.

"நிறுத்து! நிறுத்தும்மா! வீல் பேரிங் போச்சு! லாக் ஆகும்!"

கோட்டைத் தாண்டி உள்ளே போய் அவளுடைய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். வண்டி குலுங்கி நின்றது. அவள் விழாமல் இருக்க இரண்டு கால்களையும் தரையில் ஊன்றினாள். மாமா அதற்குள் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டார். மண்டியிட்டு, வண்டியைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றினார். பிள்ளையைக் கிணற்றங்கரையிலிருந்து இழுத்துப் போட்டவர் முகத்தில் இருக்கும் ஒரு நடுக்கம் அவர் முகத்தில் இருந்தது.

சக்கரம் சுற்றியது. சத்தமே இல்லாமல், வெண்ணெய் மாதிரி சுற்றியது.

மாமா கேட்ட உரசல் சத்தம் மட்டும் நிற்கவில்லை. எஞ்சின் அணைந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. மாமா ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கட்டடத்தில், யாரோ தரைக்குப் போடும் கல்லை மெஷினில் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறாத காது. பஞ்சு வைத்தால் சத்தம் குறையும் என்று கண்டுபிடித்தவனுக்கு, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் சேர்ந்து குழம்பும் என்பது தெரியவில்லை. நான் போட்ட அம்புக்குறிகள் எல்லாம் காதுக்குள் போகிற திசையை மட்டும்தான் காட்டின.

இன்ஸ்பெக்டர் அந்த நேரம் முழுக்க முந்தைய ஆளின் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். கூச்சல் கேட்டு நிமிர்ந்தவர் கண்ணில் பட்டது வண்டிக்கு இருபுறமும் ஊன்றிய இரண்டு கால்கள்.

"கால் ஊனியாச்சு. ஃபெயில்."

"சார், இவரு வந்து பிடிச்சாரு சார்! நான் ஊனல சார்!"

"நான் பாக்கறப்ப ரெண்டு காலும் தரையில இருந்துச்சு." பிறகு மாமாவைப் பார்த்தார். "யோவ், சர்க்கஸ்! நீ எதுக்குய்யா உள்ள வந்த? டெஸ்ட்டுக்குக் குறுக்க வந்தியா?"

மாமா வாயைத் திறந்தார். அவர் சொல்ல வந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். ஆமா சார், நான்தான் பிடிச்சேன், தப்பு என்னோடது. அவ்வளவுதான். சின்ன வாக்கியம். அதைச் சொன்னால் இன்ஸ்பெக்டர் மாமாவின் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். ஏற்கெனவே இரண்டு தடவை அவரிடம் கெட்ட பெயர் வாங்கியவர். வேலை போகும். ஒண்ணாம் தேதி போகும்.

"அடுத்த நம்பர் இவருதான் சார்," என்றது ஒரு குரல். "கூப்பிட்டீங்கன்னு நினைச்சு உள்ள வந்துட்டாரு."

அந்தக் குரல் என்னுடையது. இதுவரை போன எந்த நேர்முகத் தேர்விலும் நான் இவ்வளவு வேகமாக, இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னதில்லை.

"அண்ணே," என்றாள் அந்தப் பெண் மாமாவிடம். "நீங்களே சொல்லுங்கண்ணே."

மாமா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கையில் அந்தப் பஞ்சு இருந்தது.

"ஏறுங்க மாமா" என்றேன்.

ஏறினார். அவர் போட்ட எட்டு மாதிரி ஒரு எட்டை அந்தச் சிமென்ட் தரை பார்த்திருக்காது. கை அசையவில்லை. தலை சாயவில்லை. வாசலில் இரண்டு வண்டிகள் வந்தன, போயின. அவருக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் ஒரு காதில் பஞ்சு இல்லை. இறங்கி அவர் தேடியபோது அந்தப் பெண் அங்கே இல்லை. சுவரோரம் அவளுடைய வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அவ்வளவு நல்ல வண்டி.

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். எனக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள். "பஞ்சு யாரு ஐடியா!" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். மாமா லைசென்ஸ் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷெட்டைக் காலி செய்யப் போனார். சுவரில் இருந்த சாக்பீஸ் ஸ்பேனர்களை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை.

ஷோரூமில் இப்போது அவருக்கு நீலச் சட்டை. மார்பில் 'முதுநிலைப் பரிசோதகர்' என்று தைத்திருக்கிறார்கள். ஏசி இருக்கிறது. வண்டியில் ஒரு வயரைச் சொருகினால் திரை எல்லாக் கோளாறுகளையும் பட்டியல் போட்டுக் காட்டுகிறது. முதல் வாரத்தில் திரை காட்டுவதற்கு முன்பே அவர் சொல்லிவிட, மானேஜர் கூப்பிட்டு, "காதை வெச்சு வேலை பாக்காதீங்க. கஸ்டமர் பயப்படறாங்க" என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார். இப்போது திரை சொல்லும்வரை காத்திருந்து ஆச்சரியப்படுவது போல நடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஒழுங்கான சம்பளம். ஞாயிறு லீவு, அது போக மாதத்தில் ஒரு செவ்வாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அவர் எங்கே போகிறார் என்று அக்கா என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. அடுத்த செவ்வாய் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். எதுவும் பேசாமல் வாகன அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலில் இருந்த எழுத்தர் அவரைப் பார்த்ததும், "மறுபடியுமா?" என்றார்.

"அந்தப் பொண்ணு திரும்ப எழுதிப் போட்டிருக்காளா சார்?"

"பேரு தெரியாம எப்படிங்க பாக்கறது? நானும் மூணு தடவை கேட்டுட்டேன்."

"பத்து வருஷப் பழைய வண்டி சார். பின் டயர் புதுசு. செயின் கவர்ல ரெண்டு ஸ்க்ரூ இருக்காது."

"எங்க ஃபாரத்துல ஸ்க்ரூவுக்கு இடம் இல்லங்க."

பக்கத்தில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையங்கள் இரண்டில் கேட்டோம். சேர வேண்டிய பெண் அந்தத் திங்கட்கிழமை வரவில்லை, வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று இரண்டாவது இடத்தில் சொன்னார்கள். பெயரைக் கேட்டேன். அதெல்லாம் வெளியில் சொல்ல மாட்டோம் என்றார்கள். சரிதானே.

நடந்ததை அக்காவிடம் நான்தான் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், "அவ அடுத்த மாசம் வாங்கியிருப்பா. படிச்ச பொண்ணு. வேற வேலை கிடைச்சிருக்கும்" என்றாள். அதே பாத்திரத்தை மறுபடியும் தேய்த்தாள். "உனக்குக் கிடைச்ச மாதிரி" என்று சேர்த்துக்கொண்டாள். பஞ்சு யாருடைய யோசனை என்று அதன் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் மாமாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். ஷோரூம் வாசலில் அந்த இன்ஸ்பெக்டர் தன் வண்டியோடு நின்றார். மாமா சாவியை வாங்கிக்கொண்டார்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேனே" என்றார் இன்ஸ்பெக்டர். நீலச் சட்டைக்கு இப்போது 'உங்களை' கிடைத்திருந்தது. "அட, சர்க்கஸ்! கடைசியில போட்டீங்க பாருங்க ஒரு எட்டு. என் சர்வீஸ்ல அப்படி ஒண்ணு பாத்ததில்ல. இன்னைக்கும் வர்றவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்."

மாமா சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சார், அன்னைக்கு..."

"சொல்லுங்க."

வேலை நிரந்தரமாகிவிட்டது. கிழித்துப் போட இனித் தாளும் இல்லை. ஒரு மன்னிப்பும் ஒரு விவரமும், அவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் நினைத்தால் அந்த வெள்ளிக்கிழமையின் தாளைத் தேடி அவள் பெயரைப் பார்த்திருக்கலாம். நான் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றேன். என் குரல், அவ்வளவு வேகமான என் குரல், அன்றைக்கு வரவில்லை.

"பின் பிரேக் ஷூ மாத்தணும் சார்" என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் சரி என்று தலையாட்டிவிட்டுக் காத்திருப்போர் அறைக்குப் போனார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்தார்.

"அடுத்த சர்வீஸுக்கு வருவாருல்ல மாப்ள. மூவாயிரம் கிலோமீட்டர்ல. அப்ப சொல்லிடறேன்."

பெட்ரோல் டேங்கின் மேல் அடுத்த சர்வீஸ் எப்போது என்று எழுதிய ஸ்டிக்கரை அவரே ஒட்டினார். இன்ஸ்பெக்டரின் வீடு வாகன அலுவலகத்துக்குப் பின்தெருவில்தான் இருக்கிறதாம். பெரும்பாலும் நடந்தே போய்வருகிறாராம்.